ரேவதியின் லாகின்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சர்வர் தானாக எதையும் செய்யாது, யாரோ ஒருவர் செய்யச் சொன்னதைத்தான் செய்யும் என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம், பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில், செவிலிமேட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் அம்மாவும் கூட இருந்து பார்த்தாள்.

ரேவதி என் தங்கை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்தாள். அந்தக் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்து, இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான். புடவையின் உடல் நிறம், கரை, முந்தானை என்று ஒவ்வொன்றாக நாமே தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அதன்படி தறியில் நெய்து தருவார்கள். கார்த்திகையில் அவளுக்கு நிச்சயம் ஆனது, வைகாசியில் கல்யாணம். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் போனை வைத்துக்கொண்டு புடவை பார்ப்பாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே லாகின் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"அண்ணா, கரை வரைக்கும் வந்துக்கினு இருக்கும்போதே வெளிய தள்ளுதுண்ணா. இன்னா சைட்டு செஞ்சி வெச்சிக்கிற நீ?"

"பாக்கறேம்மா, அடுத்த வாரம்."

மூன்று மாதம் இதையே சொன்னேன். கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். சைட் கிளவுடில் இரண்டு சர்வர்களில் ஓடுகிறது. ஒரே கடையில் இரண்டு கவுன்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கவுன்டரில் நீங்கள் சொன்ன நிறமெல்லாம் அங்கே இருக்கிற ஆளின் ஞாபகத்தில்தான் இருக்கிறது, அடுத்த தடவை உங்களை இரண்டாவது கவுன்டருக்கு அனுப்பினால் அங்கிருப்பவர் நீங்கள் யார் என்று கேட்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு நோட்டு வைத்துவிட்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை. மாசியில் ரேவதிக்குக் காய்ச்சல் வந்தது, நாலாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டாள். அந்த அரை நாள் வேலையை நான் அவளுக்குச் செய்து கொடுக்கவில்லை. இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் புடவை ஆர்டரும் குறைவு, அதனால் பெரிய வேலையெல்லாம் ஆடியில்தான் வைத்துக்கொள்வோம். அந்தப் பொது நோட்டு வேலையை முடிக்க ஒரு புதன்கிழமை மதியம் சைட்டை மூடினேன், எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து மட்டும் உள்ளே வரலாம் என்று வைத்துவிட்டு. ஐந்து மணிக்குப் பழைய சர்வர்களை அணைத்துவிட்டுப் புதியதைத் திறந்துவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். நான் ஒருவன்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தது. இன்னொன்று ரேவதி.

பழைய குப்பை ஏதோ தங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. இரண்டு சர்வரையும் அணைத்துப் போட்டேன். அப்படிச் செய்தால் அவற்றின் ஞாபகத்தில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், என் லாகினே போய்விட்டது. மறுபடி உள்ளே போனால் அவள் இருக்கிறாள். உடல் நிறம் பாட்டில் பச்சை என்று காட்டுகிறது. அவள் போனை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று ஓடிப்போய் அம்மாவின் பீரோவைத் திறந்தேன், போன் அவள் துணிகளுக்கு நடுவில் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. திரும்பி வந்து அந்த இரண்டு சர்வரையும் அடியோடு ஒழித்துவிட்டு, பழைய மாதிரியே மறுபடி உருவாக்கினேன். நம்பினால் நம்புங்கள், அதிலும் இருந்தாள். இப்போது கரையும் சேர்ந்திருந்தது, மாம்பழ மஞ்சள். என்னைப் பழைய கோளாறு நிமிடத்துக்கு ஒரு தரம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, அவளை மட்டும் தள்ளவே இல்லை.

பீரோ சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பச்சையாடா? மாம்பழக் கலர் கரையா?"

"ஆமாம்மா. கல்யாணத்துக்கு அரக்குதான் வேணும்னு சொல்லிக்கினு இருந்தாளே, இது ஏன் பச்சை?"

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இது அவளுக்கு இல்லடா, எனக்கு. சம்பந்தி வூட்டாரு முன்னால நீ நல்லா நிக்கணும்மா, உனக்கு நான் பாத்து எடுக்கறேன், அண்ணங்கிட்ட சொல்லாதன்னு சொன்னா."

மூன்று மாதமும் அவள் தன் புடவையைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். கல்யாணப் பெண்ணுக்குப் புடவை மேல் இவ்வளவு ஆசையா என்று கிண்டல் வேறு செய்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கட்டமும் நிரம்பியது. முந்தானை, அன்னப்பட்சி. அம்மா விரலால் திரையைத் தொட்டாள்.

"இன்னும் உள்ளதான் இருக்காளா?"

"இருக்காம்மா."

"அப்ப நிறுத்தாதடா."

நாலே முக்காலுக்கு முதலாளி போன் செய்தார். "இன்னாபா, அஞ்சுக்குத் தொறந்துடுமா?" என்றார். எழுந்து ஜன்னல் பக்கம் போய், இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன், அவர் கத்தினார், நான் மறுபடி கெஞ்சினேன். திரும்பி வந்தபோது பட்டியலில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் புடவை சேமிக்கப்பட்டிருந்தது.

ஆறு மணிக்குப் பழைய சர்வர்களை அணைத்து, பொது நோட்டு வைத்த புதியதில் சைட்டைத் திறந்தேன். இப்போது அது யாரையும் வெளியே தள்ளுவதில்லை. எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு லாகினும் எப்படி முடிந்தது என்று சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும். எங்கள் சைட்டில் ஓரமாக 'வெளியேறு' என்று ஒரு பொத்தான் உண்டு, அதை யாரும் அழுத்துவதில்லை, பார்த்து முடித்ததும் அப்படியே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இத்தனை வருடப் பதிவில் அதை அழுத்திவிட்டுப் போனது ஒரே ஒரு ஆள். ரேவதி, நாலு நாற்பத்தேழு. அப்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன்.