கேள்விகளால் மட்டும் ஒரு பாட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருந்த ஒரு கொமினிகேஷனில், அதாவது காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் கடையில், வேலை செய்தேன். சோதனைச் சாவடிகளில் காட்ட அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். வெளிநாட்டு நம்பரை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தொலைபேசிக்கு இணைப்புக் கொடுப்பதுதான் என் வேலை. ஞாயிறென்றால் கடை நிரம்பி வழியும்.

ஞாயிறு தவறாமல் ஒரு பாடலாசிரியர் வருவார். அப்போது அவருடைய பாட்டொன்று வானொலியில் சக்கைபோடு போட்டுக்கொண்டிருந்தது. வரிக்கு வரி கேள்விதான். சாப்பிட்டாயா, அங்கே மழையா, குடை எடுத்தாயா என்று போகும். பதிலே கிடையாது. காதலர்கள் எல்லாம் நேயர் விருப்பத்தில் ஒருவருக்காக ஒருவர் அதைத்தான் கேட்டார்கள். ஐம்பது தாண்டிய இந்த மனிதரை இப்படி உருகவைத்த பெண் யார் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அவர் எப்போதும் எடுப்பது கனடாவிலுள்ள ஒரே நம்பர்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் என் ரிசீவரை மெல்லத் தூக்கிக் காதில் வைத்தேன். செய்யக்கூடாத வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

“சாப்பிட்டியே? அங்க மழையே? குடை கொண்டு போனனியே?”

அப்படியே பாட்டு! ஆனால் மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் கேட்டார், அப்போதும் இல்லை. லைன் செத்துப்போனது தெரியாமல் மனிதர் தன்பாட்டில் கதைக்கிறாரே என்று நினைத்தேன். காத்திருந்தவர்கள் வேறு முணுமுணுத்தார்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

கூண்டின் கதவு படாரென்று திறந்தது.

“ஏன் பிள்ளை கட் பண்ணினீர்?”

“லைன்ல ஆக்கள் இல்லை, அங்கிள்.”

“இருந்தவ. என்ர மகள். அவ கதைக்க மாட்டா. ஆனா நான் போனை வைக்குமட்டும் அவ வைக்கவும் மாட்டா.”

நின்றபடியே சொன்னார். இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து மகளைக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறார். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் போகமாட்டாள் என்று அதை மறைத்துவிட்டார். மகள் போன நாலாம் மாதம் தாய் இறந்துபோனார். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக மகள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

“நான்தான் வைச்சனான் எண்டு நினைச்சிருப்பா. இனி எடுப்பாவோ தெரியாது.”

உடனே அதே நம்பரை அழுத்தினேன். இந்தத் தடவை ஆள் எடுக்கும்வரை ரிசீவரை நான் விடவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. இனி இல்லையென்று நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

“ஏன் அப்பா வைச்சனீங்கள்?”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவருக்காக வந்த முதல் வார்த்தைகள் என் காதில் விழுந்தன. அவையும் ஒரு கேள்விதான். “அங்கிள், கதைக்கிறா!” என்று கத்திக்கொண்டே இணைப்பைக் கூண்டுக்குக் கொடுத்தேன். பிறகு என் ரிசீவரை வைத்துவிட்டேன்.

கண்ணாடி வழியே பார்த்தேன். எப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டேயிருக்கும் மனிதர் அன்று வாயே திறக்கவில்லை. கண்ணைத் துடைப்பதும் தலையாட்டுவதுமாக நின்றார். முணுமுணுத்தவர்கள்கூட அவரை அவசரப்படுத்தவில்லை.

இன்றைக்கும் யாராவது அவருடைய அந்தப் பாட்டைக் காதல் பாட்டு என்று சொன்னால் நான் திருத்துவதில்லை. ஆனால் தொலைபேசியில் மறுமுனை பேசாமலிருந்தால், அங்கே ஆள் இல்லை என்று மட்டும் அவசரப்பட்டு முடிவுகட்டுவதில்லை.