பேர் வைக்காத இன்ஜின்

போன மாதம் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். சாம்பார் முடிந்து, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனது. மண்டபத்துக்குப் பின்னால் யாரோ ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். முதலில் ஒரு இருமல், அப்புறம் ஒரு கனைப்பு, அப்புறம் கூரை அதிர முழக்கம். அரைகுறையாக எரிந்த டீசல் வாசனை ஜன்னல் வழியாக வந்து ரசத்தின் மேல் உட்கார்ந்தது. பக்கத்து இலைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும், காணாமல் போன சொந்தக்காரர் வாசலில் வந்து நின்ற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "அட, நம்ம கேட் மீட்டிங்" என்றேன். மனைவி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன். கேட் மீட்டிங் என்பது ஒரு லாரி இன்ஜினின் பேர். நின்ற இடத்தில் நின்றபடி ஊரே திரும்பிப் பார்க்கச் சத்தம் போடும். கியரைப் போட்டால் ஓர் அடி நகராது. எங்கள் டவுன்ஷிப்பில் சுரங்க வாசலில் யூனியன் கொடி கட்டி மைக் பிடித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்போது நான் நெய்வேலியில், சுரங்க வேலைக்கு வாடகை வண்டி விடும் ஒரு கான்ட்ராக்டரின் யார்டில் ரைட்டர். 2010 தாண்டி இரண்டு மூன்று வருடம் இருக்கும். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எப்போது திரும்பியது, எவ்வளவு டீசல் குடித்தது என்று லாக் ஷீட் எழுதுவது என் வேலை. இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வண்டியின் முன்னால் இருக்கும் என்பதுதான். அதிலும் ஒரு பழைய வேனில் அது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து என்னை அவமானப்படுத்தியது.

யார்டில் மொத்தம் பதினோரு வண்டிகள். மூக்கு நீண்ட லாரிகள், ஜீப்புகள், இரண்டு அம்பாசடர், ஒரு தண்ணீர் டேங்கர். ஊரில் மனிதர்களுக்கெல்லாம் ரிட்டயர்மென்ட் உண்டு. எங்கள் வண்டிகளுக்கு அந்த விதியை யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை. தினமும் காலையில் அவற்றை எழுப்புவது, பன்னிரண்டாம் வகுப்புப் பையனை டியூஷனுக்கு எழுப்புவதைவிடச் சிரமம்.

பேர் வைப்பது மெக்கானிக் அந்தோணி என்றுதான் டிரைவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் வைத்தது செல்வி அக்கா. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வண்டிகளைக் கழுவுகிறவர். தண்ணீர் வாளியோடு பக்கத்திலேயே நிற்பதால் ஒவ்வொரு இன்ஜினின் காலை நேரக் குணமும் அவருக்கு அத்துப்படி. அவர் ஒரு பேரைச் சொல்வார். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் அந்தோணி, "கரெக்ட்டா சொன்ன" என்று ஒரு குரல் கொடுப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தப் பேர் யார்டு முழுக்கப் பரவிவிடும்.

சாவியை அணைத்த பிறகும் தடதடவென்று ஓடிக்கொண்டேயிருந்த பெட்ரோல் ஜீப்புக்கு ஓவர்டைம் என்று பேர். வேலை ஒன்றும் செய்யாமல் மாதாமாதம் முதல் தேதிக்கு ஆயில் மட்டும் வாங்கிக்கொள்ளும் லாரிக்குப் பென்ஷன். கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் விசும்புகிற இன்னொரு ஜீப் அழுவாச்சி. இதெல்லாம் பொதுமக்கள் பிரிவு. நான் ரசித்தது அதிகாரிகள் பிரிவைத்தான். மூன்று முறை கேட்டால்தான் ஏதாவது கொடுக்கும் இன்ஜினுக்கு ஸ்டோர்ஸ் சார். ஐம்பதடி தூரத்தில் பள்ளத்தைப் பார்த்தாலே நடுங்க ஆரம்பிக்கிற ஒன்றுக்கு சேஃப்டி சார். வெள்ளை அம்பாசடர் ஒன்று இருந்தது. மேடு வந்தால் உள்ளே இருக்கிறவர்களையெல்லாம் இறக்கிவிட்டுவிட்டுத் தான் மட்டும் மேலே ஏறும். அதற்குப் பெரிய சார் என்று பேர்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. பேர் இன்ஜினுக்குத்தான், வண்டிக்கு அல்ல. ஒரு லாரியிலிருந்து இறக்கி இன்னொரு லாரியில் ஏற்றினால் பேரும் கூடவே ஏறிக்கொள்ளும். நம்பர் பிளேட்டை வைத்து எனக்கு ஒன்றும் புரியாது என்பதால், லாக் ஷீட்டின் குறிப்புக் கட்டத்தில் இன்ஜின் பேரைப் பென்சிலால் எழுதிவைப்பேன். ஷீட் ஆபீசுக்குப் போகும் முன் ரப்பரால் அழித்துவிடுவேன். பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதியதைத்தான் என் வாழ்நாளின் ஒரே புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஷீட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவர், சுரங்க ஆபீசில் வண்டிகளைக் கவனிக்கும் டிரான்ஸ்போர்ட் சார். தினமும் பதினோரு மணிக்குக் கையெழுத்து. கோபம் வராது, சந்தேகம் கேட்க மாட்டார், தாமதம் செய்ய மாட்டார். அதனாலேயே அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

அந்த வருடம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது கான்ட்ராக்டரின் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரில் ஆறு பேரைத்தான் வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஆறு பேர் யார் என்கிற பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் டிரான்ஸ்போர்ட் சார். எட்டுப் பேரில் நான் எத்தனையாவது என்று எனக்கே தெரியும். யார்டில் நான் இல்லாவிட்டால் ஓடாது என்று சொல்லும்படி ஒரு வண்டிகூடக் கிடையாது. அந்த வாரம் பார்த்துத்தான் நான் ரப்பரை மறந்தேன்.

பதினொன்றேகாலுக்கு போன் வந்தது.

"லாக் ஷீட் பார்த்தேன். பெரிய சார் மேடு ஏறல, நாலு பேர் தள்ள வேண்டியிருந்ததுன்னு எழுதியிருக்கீங்க."

நான் ஏதோ ஒரு சத்தம் எழுப்பினேன். அது எந்த மொழி என்று இன்றுவரை தெரியவில்லை.

"நாளைக்குக் காலைல யார்டுக்கு வரேன். எல்லா இன்ஜினையும் காட்டுங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது அடைக்கும், அப்புறம் யோசனை வரும். யோசனை வராமலிருப்பதே எல்லோருக்கும் நல்லது. அன்று வந்த யோசனை, எல்லா இன்ஜினுக்கும் பூக்களின் பேரை வைத்துவிடுவது. அதிகாரி வந்து பார்த்தால், பூவின் பேரில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

"அக்கா, இனிமே கேட் மீட்டிங் இல்ல, தாமரை. பெரிய சார் இல்ல, முல்லை. சார் கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

செல்வி அக்கா துணியைப் பிழிந்தபடியே அம்பாசடரைத் திரும்பிப் பார்த்தார். "இதா முல்லை? அது வுடற பொகைய பாத்துக்கினுதான் பேசறியா தம்பி நீ?"

"என் வேலை போயிடும்க்கா."

லாரிக்கு அடியிலிருந்து அந்தோணியின் குரல் வந்தது. "போனா போவுது ரைட்டரே. நீ இன்னா இன்ஜினா தூக்கிக்கினு இருந்த? பென்சில்தான."

"அந்தோணி, கேட் மீட்டிங்குக்கு என்ன பேரு சொல்லு பாப்போம்."

"ரோஜா."

"தாமரை."

"எதா இருந்தா இன்னா. ரெண்டும் ஓடாது."

சாக்பீஸ் எடுத்து பானெட் பானெட்டாக நானே எழுதினேன். எட்டுப் பூக்களுக்கு மேல் எனக்குத் தெரியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஒன்பதாவதாக வாழைப்பூ என்று எழுதினேன். பத்தாவது முருங்கைப்பூ. பத்துப் பேரை அழித்துப் பத்துப் பூ வைத்தாயிற்று. வண்டிகள் பதினொன்று என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

மறுநாள் டிரான்ஸ்போர்ட் சார் ஸ்கூட்டரில் வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை. நேராக வெள்ளை அம்பாசடரிடம் போனார்.

"இது பேர் என்னம்மா?"

"முல்லைங்க" என்ற செல்வி அக்கா, உடனே வாளிக்குள் எதையோ தேடக் குனிந்துகொண்டார். முதுகு குலுங்கியது.

"இது பெரிய சார்தானே" என்றார் அவர். பிறகு ஒவ்வொரு வண்டியாகக் கை காட்டிக்கொண்டே நடந்தார். "இது ஓவர்டைம். இது ஸ்டோர்ஸ். சேஃப்டி அந்தக் கடைசியில நிக்கறது, சரியா?" என் பக்கம் திரும்பி, "நீங்க அழிச்சாலும் பென்சில் அழுத்தம் அப்படியே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா நல்லாவே படிக்கலாம். ரெண்டு வருஷமா படிச்சிட்டிருக்கேன். அழிக்காம விட்டதைப் பார்த்ததும்தான், சரி, கேட்டுடலாம்னு தோணிச்சு" என்றார்.

எனக்குக் காது அடைத்தது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எல்லாரும் இருக்காங்க. நான் எது?"

லாரிக்கு அடியில் அந்தோணியின் ஸ்பேனர் நின்றுவிட்டது. டிரான்ஸ்போர்ட் சார் பேரில் எதுவும் இல்லை. இருக்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. திட்டு வாங்கியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பூவும் இல்லை. என் கை தானாகவே எழுந்து, சாக்பீஸ் படாமல் நின்ற ஒரே வண்டியைக் காட்டியது. தண்ணீர் டேங்கர்.

"அதுவா? அதுக்கு என்ன பேர்?"

"பேர்... இன்னும் வைக்கல சார்."

செல்வி அக்கா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உண்மையைச் சொல்லிவிட்டார். "அதுக்கு எதுக்குங்க பேரு? சாவிய தொட்டா எழுந்துக்குது. ஒருநாளு மக்கர் பண்ணதில்ல. திட்டறதுக்குத்தானங்க பேரு வேணும்."

சார் டேங்கரைக் கிளப்பச் சொன்னார். அரை நொடியில் எழுந்து, தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி ஓடியது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "சத்தமே இல்லையே" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பட்டியல் வந்தது. ஆறாவது பேர் என்னுடையது. மூன்று முறை படித்துப் பார்த்தேன். இன்னொருவர் பேரும் இனிஷியலும் என்னுடையது மாதிரியே இருந்து தொலைத்திருக்குமோ என்று யார்டில் உள்ள எல்லோரிடமும் விசாரித்தேன்.

ஆனால் அடுத்த வாரத்திலிருந்து வேறொன்று ஆரம்பித்தது. டிரான்ஸ்போர்ட் சார் கெட்டவராக முயற்சி செய்தார். லாக் ஷீட்டை மூன்று நாள் மேஜையில் வைத்துக்கொண்டார். ஒரு புள்ளி விட்டுப்போனதற்குத் திருப்பி அனுப்பினார். போனில் கத்தினார். கத்துவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார், கத்தி முடித்ததும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். ரிட்டயர் ஆக ஒரு வருடம்தான் இருந்தது. அதற்குள் ஒரு பேர் சம்பாதித்துவிட அந்த நல்ல மனிதர் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. அதைவிட, அந்த ஷீட்டுகளைத் திரும்பத் திரும்ப எழுதவும் முடியவில்லை.

"பாவம்ப்பா" என்றார் செல்வி அக்கா. "ஒரு பேர வச்சித் தொலைச்சிடலாம்."

அந்தோணி முதன்முறையாக வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்து யோசித்தார். "பதினோரு மணி" என்றார். டேங்கர் இன்ஜினுக்கு அந்தப் பேரையே வைத்தோம். அன்றைய லாக் ஷீட்டின் குறிப்புக் கட்டத்தில் பேனாவால் எழுதினேன். திரும்பி வந்தபோது அதற்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக் இருந்தது. மறுநாளிலிருந்து கையெழுத்து பழையபடி பதினோரு மணிக்கு.

பேர் வைத்த இரண்டாவது வாரம், டேங்கர் வாழ்க்கையில் முதன்முறையாக செல்ஃப் எடுக்க மறுத்தது. "பேரு வச்சீங்க இல்ல, அனுபவிங்க" என்றார் அந்தோணி. நான் பயந்துகொண்டே போன் செய்து சொன்னேன். மறுமுனையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை தினமும் காலையில் அவரே போன் செய்வார். "இன்னிக்கு எழுந்துச்சா?"

அவர் ரிட்டயர் ஆகிப் போனார். பழைய வண்டிகள் இனி சுரங்கத்துக்குள் வரக்கூடாது என்று அதற்கடுத்த வருடம் சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக்காரர்கள் வந்தார்கள். பென்ஷனை இரண்டாக வெட்டி ஏற்றினார்கள். கேட் மீட்டிங் கடைசிவரை கத்தியபடி தூக்கப்பட்டது. பதினோரு மணி மட்டும் தானே ஓடிப்போய் லாரிக்குப் பக்கத்தில் நின்றதாக அந்தோணி சொன்னார்.

கடைசி நாள், காலி யார்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த செல்வி அக்காவிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, என் பேர்ல ஏதாவது இருந்துச்சா?"

"ஒனக்கு இன்ஜின்ல வைக்கலப்பா."

"அப்புறம்?"

"அழுவாச்சி ஜீப்பு ஹாரன் இருந்துச்சில்ல. யாரும் தொடாம, நின்ன எடத்துல நின்னுகினு, எதையோ நெனச்சி பயந்துகினு தானா கத்துமே. அதத்தான் ரைட்டருன்னு சொல்லிக்கினு இருந்தோம். ஒங்கிட்ட யாரும் சொல்லலியா?"

ஜீப் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். காலையிலேயே ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆயில் சிந்திய வட்டம் ஒன்று மட்டும் இருந்தது.

இப்போது வேறொரு இடத்தில் வேலை. பதினாறு வண்டிகள். எல்லாம் வெள்ளை. பட்டனைத் தொட்டால் எழுந்துகொள்கின்றன. கோளாறு என்றால் ஒரு விளக்கு எரிந்து நம்பர் காட்டும், ஷோரூமுக்கு அனுப்பிவிடுவோம். எனக்குப் பயம் வருவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் அதைக் கவனித்துப் பேர் வைக்க ஆளில்லை. எம்ப்ளாயி நம்பர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.