கலைத்து வைத்த படுக்கை

க்ளாரி வாஸ் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, தான் படுக்காத ஒரு படுக்கையைக் கலைப்பது. தலையணையை நடுவில் குத்திப் பள்ளமாக்குவார். போர்வையை ஒரு பக்கமாகச் சுருட்டிவிடுவார். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்து நெவிலுக்குத் தேநீர் போடுவார். நாற்பது வருஷத்துக்கு மேலாக இதை ஒருநாள்கூட விட்டதில்லை என்று அவரே என்னிடம் சொன்னார்.

எங்கள் நிலமும் நெவில் டிரீனின் ஆப்பிள் தோட்டமும் ஒரே வேலிக்கு இரு பக்கம். க்ளாரி 1960களில் பழம் பறிக்க வந்த வாலிபர். முதல் உறைபனி விழுந்ததும் மற்றவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். இவர் தங்கிவிட்டார். அதன் பிறகு ஹ்யூவன் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அவர் 'நெவிலோட ஆள்'. கூலியாளா, வாடகைக்கு இருப்பவரா, கூட்டாளியா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமலிருப்பதுதான் இங்கே மரியாதை.

கேட்டிருந்தால் வம்புதான். ஆணும் ஆணும் சேர்ந்து படுத்தால் இருபத்தொரு வருஷம் வரைக்கும் உள்ளே தள்ளலாம் என்று டாஸ்மேனியாவில் சட்டம் இருந்த காலம் அது. அதனால் இரண்டு பேரும் சர்ச்சில் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆப்பிள் திருவிழாவில் யாராவது கேமராவைத் தூக்கினால் க்ளாரி நகர்ந்துவிடுவார். நெவில் வெளியூர் போனால் எழுதும் கடிதம் படித்த கையோடு அடுப்புக்குள் போகும்.

அப்படியும் ஒருநாள் மழையில் சார்ஜென்ட் பேசில் டங்க்ஸ் வந்து கதவைத் தட்டினார். புகார் வந்திருக்கிறது என்றார். இரண்டு அறையையும் எட்டிப் பார்த்தார். "ரெண்டு படுக்கையும் படுத்து எழுந்த மாதிரிதான் இருக்கு" என்றார். க்ளாரி கொடுத்த தேநீரைக் குடித்தார். நெவிலை மட்டும் வண்டிவரை கூட்டிக்கொண்டுபோய் ஏதோ பேசிவிட்டுப் புறப்பட்டார்.

அதற்குப் பிறகு நெவில் இன்னும் இறுகிப்போனார். கிறிஸ்துமஸ் அன்று அவருடைய தங்கை பெரில் குடும்பத்தோடு சாப்பிட வருவாள். ஆட்டுத்தொடையை வாட்டி, உருளைக்கிழங்கைச் சுட்டு, மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது க்ளாரி. வைத்துவிட்டுத் தன் தட்டோடு பழம் அடுக்கும் கொட்டகைக்குப் போய்விடுவார்.

சட்டம் மாறியது. முதலில் சிறைத்தண்டனை போயிற்று. சில வருஷம் கழித்து, சேர்ந்து வாழ்கிறவர்கள் ஆணும் ஆணுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று வந்தது. பதியாவிட்டாலும், வாழ்ந்ததை நிரூபித்தால் தம்பதிக்குள்ள உரிமை உண்டு. க்ளாரி அன்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"ஒரு கையெழுத்துதான்டா நெவில். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடணும்ல?"

"இந்த ஊர்லதான் நான் ரொட்டி வாங்கணும்."

"ரொட்டிக்காரனுக்குத் தெரியாதுன்னா நினைக்கிற?"

"தெரிஞ்சிருக்கறது வேற, நாமளே சொல்லிக்கிட்டு நிக்கறது வேற. இந்த வயசுல ஊர் சிரிக்க வைக்காத."

உயில் எழுதச் சொன்னதற்கும் அதே கதைதான். கூலியாளுக்கு எதற்குத் தோட்டம் என்று வக்கீல் கேட்டால் என்ன சொல்வது?

ஒரு ஜூலை மாதம், கிளை கழித்துக்கொண்டிருந்த நெவில் மரத்தடியிலேயே விழுந்து இறந்துபோனார். ஓடிப்போய் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டது க்ளாரி. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் நெருங்கின சொந்தம் யார் என்று கேட்டபோது, வாய்ப் பழக்கத்தில், "தங்கச்சி இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அப்போதிலிருந்து எல்லாம் பெரில் கையில்.

அடக்கப் பிரார்த்தனையில் பாதிரியார் நெவிலின் தாய் தந்தையைச் சொன்னார், தங்கையைச் சொன்னார், கடைசியில் "விசுவாசமான வேலையாள்" என்று ஒருவரைச் சொன்னார். கூடத்தில் பெரில் க்ளாரியின் தோளைத் தட்டினாள். "க்ளாரி, கொஞ்சம் தண்ணி கொதிக்க வையேன். சாண்ட்விச் தட்டை எல்லாருக்கும் சுத்தி எடுத்துட்டு வந்துடு." அவரும் எடுத்துக்கொண்டு வந்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்.

பிறகு பெரில் தன் மகன் கிராண்டோடு வந்து, வீட்டைக் காலி செய்யச் சொன்னாள். "நீ பாவம்தான். ஆனா வாடகைக்கு இருந்தவன்தானே. மாமா சொத்து மருமகனுக்குத்தானே போகணும்?"

நான்தான் க்ளாரியை என் காரில் ஹோபார்ட்டுக்கு ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசுப் பெண். நல்ல பெண்.

"சட்டம் உங்க பக்கம்தான் சார். நீங்க தம்பதியா வாழ்ந்தீங்கன்னு காட்டணும், அவ்வளவுதான். சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கா?"

"இல்லம்மா."

"கடிதம்?"

"எரிச்சிட்டோம்."

"ஒரே அறையிலதான் படுத்தீங்கன்னு யாராவது சொல்லுவாங்களா?"

க்ளாரி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதானேம்மா வாழ்நாள் பூரா பாடுபட்டோம்."

சாட்சிக்கு ஆள் தேடி ஊரில் ஒவ்வொரு வாசலாக ஏறினோம். ரொட்டிக்காரர் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்தவன் வீட்டை எட்டிப் பாக்கற பழக்கம் எனக்கு இல்லப்பா" என்றார். பாதிரியாருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. வேறொருத்தி, "பெரிலும் நானும் ஒண்ணா சீட்டாடறோம், என்னை மாட்டிவிடாத" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் நானும் என்னத்தைப் பார்த்தேன்? ஒருமுறை சமையலறை ஜன்னல் வழியாக நெவிலின் கால் க்ளாரி மடியில் இருந்ததையும், க்ளாரி கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு அவர் கால் நகத்தை வெட்டியதையும் பார்த்தேன். அதைச் சொன்னேன். வக்கீல் பெண் எழுதிக்கொண்டாள். "நர்ஸும்தான் வெட்டுவாங்கன்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்க" என்றாள் மெதுவாக.

பெரில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தாள்: என் அண்ணனைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, ஊரிலும் யாரும் சொன்னதில்லை.

வேறு வழியில்லாமல், முதியோர் இல்லத்தில் இருந்த டங்க்ஸைப் பார்க்கப் போனோம். படுக்கையைச் சோதிக்க வந்தவராவது ஏதாவது சொல்வாரா என்றுதான். உடம்பு வற்றியிருந்தாலும் புத்தி தெளிவாக இருந்தது.

"புகார் குடுத்தது யாருன்னு நெவில் உன்கிட்ட சொல்லலையா?"

"யாரு, சார்ஜென்ட்?"

"பெரில்தான். 'ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி குடித்தனம் பண்றாங்க, அவனைப் பிடிச்சு உள்ள போடுங்க, அண்ணன் திருந்திடுவான்'னா. அன்னிக்கே நெவில்கிட்ட சொன்னேன், தங்கச்சிகிட்ட ஜாக்கிரதையா இருன்னு."

திரும்பும்போது, ஆற்றோரம் வண்டி வந்ததும் க்ளாரி சொன்னார். "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு நான் கறி வாட்டிப் போட்டேன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே அவளுக்குப் பக்கத்துல உக்காந்து தின்னிருக்கான். நான் கொட்டகையில."

"பயம், க்ளாரி."

"எனக்கும்தான் பயம். நான் அவன்கிட்ட எதையும் மறைக்கல."

டங்க்ஸ் சொன்னதை வக்கீல் பெண் எழுதி வாங்கி அனுப்பினாள். சத்தியம் செய்து சொன்ன பொய் அம்பலமானால் என்ன ஆகும் என்று பெரிலுக்கு அவள் வக்கீல் சொல்லியிருக்க வேண்டும். வழக்கு நீதிபதி முன் போகவே இல்லை. அவள் விலகிக்கொண்டாள். வீடும் தோட்டமும் சேர்ந்து வாழ்ந்த துணைவர் என்ற பெயரில் க்ளாரிக்கு வந்தன. இருவரையும் பிரிக்கச் சொன்ன வார்த்தைதான் கடைசியில் இருவரும் சேர்ந்திருந்ததற்குச் சாட்சி.

கல்லறையில் கல் நட்டிருந்தார்கள். 'அன்பு மகன், அண்ணன், மாமா.' க்ளாரி பெரில் வீட்டு வாசலில் போய் நின்றார். தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. 'துணைவர்' என்று ஒரு சொல் மட்டும் சேர்க்கக் கேட்டார்.

"வீட்டைச் சட்டம் உனக்குக் குடுத்துடுச்சு" என்றாள் அவள். "கல்லு நான் வாங்கினது. இடம் எங்க குடும்பத்தோடது." கதவைச் சாத்தினாள். அதற்கு வழி இல்லை என்று வக்கீல் பெண்ணும் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே ஊர் வர ஆரம்பித்தது. ரொட்டிக்காரர் மனைவி கேக் கொண்டுவந்தாள். "எங்களுக்கு எப்பவோ தெரியும் க்ளாரி. எங்களுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

"அப்படியா? நான் வந்து நின்னப்போ மறந்துபோச்சாக்கும்" என்றார். கேக்கைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்தார்.

அடுத்த பறிப்பு முடிந்ததும் தோட்டத்தை யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டு மெல்போர்னுக்குப் போய்விட்டார். போகும் முன் கல்லறைக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் போனில் பேசினார். மாடியில் இருக்கும் பெண்மணி, கல்யாணம் ஆனவரா என்று கேட்டாளாம்.

"ஆமான்னேன். துணை ஆம்பளையான்னு கேட்டா, அதுக்கும் ஆமான்னேன். எத்தனை வருஷம்னா, சொன்னேன். 'அடேயப்பா, குடுத்து வச்சவரு, அந்தக் காலத்துலயே தைரியமா வாழ்ந்திருக்கீங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அங்கே மழையா என்று கேட்டார்.