எனக்கு மட்டும் வந்த ஸ்டூல்

மலாக்காவின் ஆயர் குரோவில் நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில், முன்பெல்லாம் பேக்கிங் பகுதியில் இருந்த எல்லோருக்கும் ஸ்டூல் இருந்தது. சாய முதுகில்லாத, இரும்புக் கால் வைத்த உயரமான ஸ்டூல். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள், இடம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அவற்றை ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஸ்டூல்கள் திரும்பி வரவில்லை. நின்றுகொண்டு செய்தால் வேலை வேகமாக நடக்கிறது என்று மேலே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

எங்கள் வேலை பாட்டில் மூடி பார்ப்பது. பெல்ட்டில் வரும் மூடியை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லையென்றால் பை. அதற்கு முன் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலாக்கா நிருபராக இருந்தேன். பத்திரிகையில் பக்கங்கள் குறைந்தன, நிருபர்களும் குறைந்தோம். கூர்ந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூடி வேலை கஷ்டமாக இல்லை. கால்தான் பழகவில்லை.

எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா பெம்பானிலிருந்து வருபவர். கம்பெனி பஸ்ஸில் நாங்கள் ஒரே இருக்கை. நான் தனியாக இருந்தேன். வீட்டில் பேச ஆள் இல்லை. அந்த பஸ்ஸில் போக வர அவரிடம் பேசுவதுதான் அன்றைக்கு நான் பேசும் பேச்சு. அக்காவுக்குக் கணுக்காலில் நரம்பு புடைத்திருக்கும். ஸ்டூல் போன பிறகு, மாலையில் கால் வீங்கி ஷூ நாடாவைக் கட்ட முடியாமல் அவிழ்த்தபடியே பஸ் ஏறுவார். "இப்படியே நின்னேன்னா சீக்கிரம் வூட்டோட ஒக்காந்துருவேன் லா," என்றார் ஒருநாள். அவர் வீட்டில் சம்பளம் வாங்குபவர் அவர் மட்டும்தான்.

கேண்டீனில் பேசி ஹெச்.ஆரிடம் போவது என்று முடிவானது. யார் பேசுவது?

"பேப்பர்காரி இருக்காங்கல்ல, அவங்க பேசட்டும்," என்றாள் தெங்கேராவிலிருந்து வரும் பெண். வரிசையில் அவளுக்குத்தான் வாய் அதிகம். "மந்திரிகிட்டயே மைக்க நீட்டினவங்க."

"நான் நீட்டினேன். பேசினது அவரு," என்றேன். சிரித்தார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ரப்பர் தோட்டத்துல தொர ஆபீசுக்குப் போனா ஒருத்தவங்கதான் பேசுவாங்க தங்கச்சி. மத்தவங்க பின்னால நிப்போம். ஆளாளுக்கு வாயத் தொறந்தா கணக்கு எழுதுற கிராணி வெரட்டி விட்டுருவாரு. நீ பேசு. நீ பேசினா நாங்க எல்லாம் பேசின மாதிரிதான்."

அதில் யாருக்கும் தவறு தெரியவில்லை. வரிசையில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். மீதிப்பேரின் அம்மாக்கள் அங்கே பிறந்தவர்கள்.

ஹெச்.ஆர். அதிகாரி ஓர் இளம் தமிழ்ப் பெண். இனிமையாகப் பேசுவாள்.

"வாங்க ஆண்ட்டி. ஏன் எல்லாரும் வெளியவே நிக்கிறீங்க?"

"ஸ்டூல் திரும்ப வேணும்மா," என்றேன்.

"யாருக்கு ஆண்ட்டி?"

"எல்லாருக்கும்."

"ஓகே. அப்ப ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. கதவ சாத்திட்டுப் பேசுவோம். பிரைவசி வேணும்ல?"

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நான் முதலில் போய்ச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். கால் வலி, வீக்கம், சாப்பாட்டு நேரம் தவிர உட்கார வழியில்லாதது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில்தான் அக்காவிடம் கேட்டேன்.

"நிக்க முடியுதா ஆண்ட்டின்னு கேட்டுச்சி," என்றார். "முடியலன்னா செக்கப்புக்கு அனுப்பணுமாம். அன்ஃபிட்னு வந்தா வேற மாதிரி பாக்கணுமாம். முடியும்மா, ஒண்ணும் பிரச்சன இல்லன்னு சொல்லிட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னீங்களா?"

"நீதான் எல்லாத்தயும் பேசிட்டியே. அதுக்கு மேல நாங்க வேற என்னத்த சொல்றது?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. என் பேச்சு எல்லோருக்கும் சேர்த்துக் கணக்கில் ஏறிவிட்டதாகவே நம்பியிருந்தார். உள்ளே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு என்பது எங்களில் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்டூல் வந்தது. ஒன்றே ஒன்று. சூப்பர்வைசர் அதைத் தூக்கிவந்து என் இடத்தில் வைத்தார். உட்காரும் பலகையில் என் ஊழியர் எண்ணை ஒட்டியிருந்தார்கள். கால் வலி என்று சொன்னவருக்குக் கொடுத்திருக்கிறோம், மற்றவர்கள் உட்காரக் கூடாது என்று மலாயில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

"அடேயப்பா, மகாராணிக்கு சிம்மாசனம் வந்திருச்சி," என்றாள் தெங்கேராக்காரி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நான் ஸ்டூலை அக்கா பக்கம் நகர்த்தினேன். "ஒக்காருங்கக்கா."

அவர் கூரையிலிருந்த கேமராவை ஒருமுறை பார்த்தார். "வேணாம். உன் நம்பர்தான ஒட்டிருக்கு."

நானும் உட்காரவில்லை. ஸ்டூல் எங்கள் இருவருக்கும் நடுவில் காலியாக நின்றது. பெட்டி எடுக்கப் போகிறவர்கள் அதைச் சுற்றிப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து ஹெச்.ஆர். பெண் வந்து பார்த்தாள். "என்ன ஆண்ட்டி, ஒக்காரலயா? தேவப்படலன்னா சொல்லிருங்க. கேட்டவங்களே நின்னுதான் வேல செய்றாங்கன்னு ரிப்போர்ட்ல போட்டுர்றேன்."

அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத வாக்கியம். சின்னது, உண்மை, மறுப்பு எழுத இடமில்லாதது. நான் நின்றால் யாருக்கும் ஸ்டூல் தேவையில்லை என்றாகும். உட்கார்ந்தால் என் ஒருத்திக்குத்தான் தேவை என்றாகும். நின்றால் ஸ்டூல் என்ற பேச்சே அங்கே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

உட்கார்ந்தேன்.

அன்று மாலை அக்கா பஸ்ஸின் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். "இங்க காத்து நல்லா வருது," என்றார், நான் அவரைக் கடக்கும்போது. அது ஏர்கண்டிஷன் பஸ். கேண்டீனில் வழக்கமாக என் மேசைக்கு வருபவர்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு அப்படியே வேறு மேசைக்குப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

உட்கார்ந்தால் கண்மட்டம் பெல்ட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்களின் முகம் தெரியாது, முழங்கைகள் தெரியும். குனிந்தால் கால்கள் தெரியும். ஒருத்தி ஒரு காலை மடக்கி மறுகாலில் நிற்பாள், பிறகு மாற்றிக்கொள்வாள். அக்கா குதிகாலை ஷூவிலிருந்து வெளியே எடுத்து, ஷூவின் பின்பக்கத்தை மிதித்து நிற்பார். நாளாக ஆக அந்த ஷூ செருப்பு போலத் தட்டையாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை பஸ் பெம்பானில் நின்றது. அக்கா ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. அதற்கடுத்த நாள் பஸ் அங்கே நிற்காமலே போனது. வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்று தெங்கேராக்காரி யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. கைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது.

அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. இரண்டு இடத்து மூடிகளையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் சூப்பர்வைசர். உட்கார்ந்தபடி பார்த்தால் அக்கா பக்கத்து மூடிகளுக்குக் கை எட்டவில்லை. எழுந்து, ஸ்டூலைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டு செய்தேன். வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.