ரெங்கசாமியின் கோடாலி வாய் போன மரம்

என் அம்மா ரத்தினம்மாள் யாங்கோனில் பஸ் கண்டக்டராக இருந்தார். சென்ற மாதம் இறந்தார். நான் கலா, நில அளவைப் பொறியாளர். அழுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

அம்மாவின் லைன் தாம்வேயிலிருந்து சூலே வரை. அந்த லைனில் பெண் கண்டக்டர்கள் இரண்டே பேர். அம்மா படிக்கட்டில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, "பாலா?" என்று கத்துவார். இறங்க ஆள் உண்டா என்று பர்மியக் கேள்வி. உண்டென்றால் உள்ளிருந்து "பாதே!" வரும். இல்லையென்றால் "மபாபூ!" பழைய வண்டிகளை நிறுத்தி, கண்டக்டர் இல்லாத புது வண்டிகள் வந்த வருடம் வேலை முடிந்தது. குரல் மட்டும் குறையவில்லை.

அந்தக் குரல் ஒரே ஒருவர் முன்னால் அடங்கும். சின்னத்தம்பி பெரியப்பா. அம்மாவுக்கு அத்தை மகன், கேலி செய்யும் உரிமை உள்ளவர். கேலிக்குக் காரணம் என் தாத்தா ரெங்கசாமி.

யாங்கோன் ரங்கூனாக இருந்த காலத்தில் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நம் சனங்கள் இந்தியாவுக்கு நடந்தார்கள். தாத்தாவும் காய்ச்சலில் கிடந்த பாட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். புரோமைத் தாண்டி, ஆற்றுக்கு மேற்கே, ஒரு மரம் பாதையை மறித்துக் கிடந்தது. வெட்டிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று கோடாலியை வீசினார். கோடாலியின் வாய் போனது. வண்டியை மரத்தின் மேல் ஏற்றிப் பார்த்தார். அச்சு முறிந்தது. பாட்டியால் நடக்க முடியாது. மலை தாண்ட அந்த வண்டி தாங்காது என்று, அச்சைக் கயிற்றால் கட்டி அவரோடு திரும்பிவிட்டார்.

"மரம் கல்லா இருந்துச்சு" என்று சாகும்வரை சொன்னார். எங்கள் பேட்டை மிங்கலா தாங்ஞுன்ட்டில் யாரும் நம்பவில்லை. பெரியப்பாவின் அப்பா அதற்கு முந்தைய கூட்டத்தோடு நடந்து இந்தியா போய்ச் சேர்ந்து, சண்டை ஓய்ந்தபின் திரும்பி வந்தவர். அப்படி ஒரு மரத்தை அவர் பார்க்கவே இல்லை என்றார். ஆகவே தாத்தா பயந்தாங்கொள்ளி, அதோடு பொய்யர். கல்யாணப் பந்தியில் வடை கெட்டியாக இருந்தால் பெரியப்பா சத்தமாகக் கேட்பார்: "இது என்னா, எங்க மாமா மரத்துல சுட்டதா?" பந்தியே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

2019 தை மாதம் கோயில் கமிட்டி புரோமுக்குச் சுற்றுலா பஸ் போட்டது. ஆற்றுக்கு அக்கரையில் மரமே கல்லாக மாறிய கல்மரங்கள் கிடக்கும் பாதுகாப்புப் பகுதி ஒன்று உண்டு, அகதிகள் நடந்த பழைய பாதையும் அதற்குள்ளேதான் என்று நான் படித்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். உடனே எழுந்து பெரியப்பா வீட்டுக்குப் போனார்.

"மச்சான், நீங்களும் வாங்க. கண்ணால பாத்துட்டு அப்பறம் வடையப் பத்திப் பேசுங்க."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நானே பந்தியில நின்னு எங்கப்பா பொய் சொன்னார்னு சொல்றேன்."

கல்மரம் இருப்பது நிச்சயம். தாத்தாவின் மரம் இருப்பது நிச்சயமில்லை.

வாசலிலேயே கல்மரங்கள் இருந்தன. செங்கல் மேடைமேல் வரிசையாக, பெயிண்ட் அடித்த கம்பிக்குப் பின்னால். ஆண்டு வளையம்கூடத் தெரிந்தது. அம்மா கைகூப்பினார். பெரியப்பா சுற்றிவந்து பார்த்தார்.

"இது லாரியில கொண்டாந்து வச்சது, புள்ள. உங்கப்பன் பாதையில கெடந்துச்சுன்னுல்ல சொன்னாரு?"

காவலர் கோ மியோவிடம் அம்மா பர்மியத்தில் கேட்டார். பழைய வண்டிப் பாதையில் ஏதாவது கிடக்கிறதா?

"மேலே முகட்டில் ஒன்று இருக்கிறது, அன்ட்டி. நகர்த்தவே இல்லை. ஆனால் ஏற்றம். வயதானவர்கள் இங்கேயே நிழலில் உட்காருவது நல்லது."

அம்மாவின் வலது முழங்கால் தேய்ந்துபோனது. படிக்கட்டில் தொங்கிய கால். வேண்டாம் என்றேன். நான் போய்ப் படம் எடுத்து வருகிறேன் என்றேன்.

"படத்த இவரு நம்புவாரா?" என்றார் அம்மா. ஏறத் தொடங்கினார்.

முதல் வளைவில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. முழங்காலைப் பிடித்துக் குனிந்தார். பெரியப்பா கீழிருந்து, "திரும்பிறலாம் ரத்தினம். உங்க குடும்பத்துக்குப் பழக்கம்தானே!" என்றார்.

அம்மா நிமிர்ந்தார். கையை வாயருகே வைத்தார்.

"தாம்வே! பாலா?"

குன்று அதிர்ந்தது. நிழலில் உட்கார்ந்திருந்த நம் கிழங்கள் ஒரு கணம் விழித்தன. பிறகு யாரோ கத்தினார்கள்: "மபாபூ!"

"இறங்க ஆள் இல்ல, போ, போ!" என்று அம்மா தனக்கே உத்தரவு கொடுத்து நடந்தார். அடுத்த வளைவு. "ஜௌமியாங்! பாலா?" "மபாபூ!" இப்போது குரல் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸே எங்கள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது, கைத்தடியும் குடையுமாக. கோ மியோ தடுப்பதை விட்டுவிட்டு ஒரு பாட்டிக்குக் கை கொடுத்தார்.

"மிங்கலா ஸே! பாலா?" எங்கள் பேட்டை நிறுத்தம்.

"நம்ம ஊரு வந்தும் எறங்க மாட்டோம், போ!" என்றார் ஒரு தாத்தா.

முகட்டில் பாதை ஒடுங்கியது. பாறையில் இரண்டு சக்கரத் தடங்கள் ஆழமாக ஓடின. அவற்றுக்குக் குறுக்கே மரம் கிடந்தது.

தடங்கள் நேராக மரம்வரை போய் முட்டி நின்றன. பிறகு சரிவுப் பக்கம் ஒதுங்கி, பிற்பாடு வந்த வண்டிகள் உண்டாக்கிய சுற்றுவழியில் போயின. மரத்தின் மேல்முகத்தில் சில்லுகள் பெயர்ந்திருந்தன. அது கோடாலியா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கல்மரம் சிலிக்கா, எஃகைவிடக் கடினம். இரண்டும் மோதினால் எஃகுதான் தோற்கும். அதை உறுதியாகச் சொல்ல முடியும். சொன்னேன்.

பெரியப்பா நம்பவில்லை. "வெறும் பட்டமரம்" என்றபடி ரப்பர் செருப்புக் காலால் ஓங்கி உதைத்தார்.

"ஐயோ அம்மா!"

"அப்பாவுக்குக் கோடாலி போச்சு" என்றார் அம்மா. "உங்களுக்கு நகத்தோட போச்சு மச்சான்."

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. பெரியப்பா சிரிக்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முகம் இருண்டிருந்தது.

"அப்ப எங்கப்பா பொய் சொன்னாரா?" என்றார் மெல்ல.

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உடனே கோ மியோவிடம் திரும்பினார். "நடந்து போனவர்களும் இந்த வழியாகவா போனார்கள்?"

"இல்லை அன்ட்டி. தண்ணீருக்காக ஓடையோரமாகவே போனார்கள். வண்டி மட்டும்தான் முகட்டில் வரும்."

அம்மா அதைத் தமிழில் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்கப்பா கீழ போனாரு. பாக்கல. பாக்காதத பாக்கலன்னு சொன்னாரு. எந்திரிங்க."

பெரியப்பா எழுந்தார். மூக்கைச் சிந்தினார். கூட்டத்தைப் பார்த்து, "எங்க மாமா ரெங்கசாமி பொய் சொல்லல" என்றார்.

"பந்தியில கத்துற மாதிரி சொல்லுங்க."

கத்தினார். ஓடைவரை கேட்டிருக்கும். அம்மா கல்மரத்தின் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேராக அவர் நின்று நான் பார்த்ததில்லை. நாடாவை எடுத்து மரத்தை அளந்தேன். பதினான்கு அடி.

யாங்கோன் திரும்பியதும் கதை பெரியப்பாவுடையதாகிவிட்டது. எந்தப் பந்தியிலும் அவர்தான் சொல்வார். மரம் இருபது அடி ஆனது, முப்பது ஆனது. நான் திருத்தப் போனால் அம்மா முறைப்பார். "வளரட்டும் விடு. எத்தன வருசம் சின்னதாவே கெடந்துச்சு."

அம்மாவின் கருமாதிப் பந்தியிலும் சொன்னார். குரல் உடைந்து உடைந்து வந்தது. மரம் அறுபது அடிக்குப் போயிருந்தது, மூன்று ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. மாண்டலேயிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண் சாந்தகுமாரி, "நெசமாவா பெரியப்பா?" என்றாள்.

"கலா பக்கத்துல நின்னு நாடா போட்டு அளந்துச்சு. இஞ்சினியரு. கேளு."

பந்தி முழுவதும் என்னைப் பார்த்தது. கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தேன்.

"ஆமா" என்றேன். "அறுபதுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும்."