பழையபடி ஆக எவ்வளவு நேரம்

என் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போய்விட்டன என்று தெரிந்தது ஒரு வைகாசி மாதத்தில். ரத்தக் கொதிப்பு பல வருடங்களாகவே இருந்திருக்கிறது. நான்தான் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ். சீசனுக்காக அறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் மூச்சு முட்டி உட்கார்ந்தேன். என் கணவர் ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோனார். அன்று மாலையே கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள் தென்காசி. மெஷினோடு நாலு மணி நேரம். முடிந்து எழுந்தால் தலை கிறங்கும், கால் நிற்காது. பஸ்ஸில் இலஞ்சி தாண்டும்வரை கண்ணைத் திறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள் காலைதான் மனுஷியாவேன்.

மூன்று மாதம் கழித்து எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். டயாலிசிஸ் மெஷினில் ஓடும் திரவத்தைக் கொஞ்சம் குளிர்ச்சியாக விட்டால் நோயாளிகளுக்கு அசதி குறைகிறதா என்று பார்க்கிறார்களாம். யாருக்குக் குளிர்ச்சி, யாருக்கு வழக்கமான சூடு என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யும். நோயாளிக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

"ஒன் மேலயா பரீட்ச பண்ணிப் பாக்கணும்? பேசாம இரு" என்றார் என் கணவர்.

எனக்கென்னவோ சேர வேண்டும் என்று தோன்றியது. அந்த மூன்று மாதமும் நான் யாருக்கும் எதற்கும் பயன்படவில்லை. அறைச்சாவி எடுத்துக் கொடுப்பதைக்கூட அவரே செய்துகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

ஆராய்ச்சிக்கென்று ஒரு பெண்ணை நியமித்திருந்தார்கள். வாசுதேவநல்லூர்க்காரி. நர்ஸ் படிப்பு முடித்தவள், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. முதல் நாள் என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"அக்கா, போன தடவ டயாலிசிஸ் முடிஞ்ச பெறவு, பழையபடி ஆக ஒங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பழையபடின்னா எதும்மா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் திணறினாள். "அதாவது... அசதியெல்லாம் போயி, வழக்கம்போல எந்திச்சு நடமாட."

டயாலிசிஸுக்குப் போன அன்று காலையில் எப்படி இருந்தேனோ அந்த நிலையைத்தான் அவள் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் பழையபடி என்ற சொல்லைக் கேட்டதும் மனசு அங்கே நிற்கவில்லை. விடிவதற்கு முன்னால் நானும் அவரும் ஆளுக்கொரு துண்டோடு ஐந்தருவிக்கு நடந்த காலத்துக்குப் போய்விட்டது. லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் எழுந்து வெந்நீர் கேட்பதற்குள் குளித்துவிட்டு வந்துவிடுவோம். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். முதல் அடி உச்சந்தலையில் விழும்போது மூச்சு ஒரு கணம் நின்று பிறகு வரும். காதுக்குள் வேறெந்தச் சத்தமும் இராது. கரையேறும்போது உடம்பு காகிதம்போல இருக்கும். திரும்பும் வழியில் கடையில் சுக்குக் காபி. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அப்படித்தான்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் பதறி எழுந்தாள்.

பக்கத்து மெஷினில் படுத்திருந்த அண்ணாச்சிதான் அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்தவர். அவரும் ஆராய்ச்சியில் இருந்தார். "ஏம்மா, அவுகள விடு. எங்கிட்ட கேளு. எனக்கு இன்னும் பழையபடி ஆகல, ஆனதும் போன் போட்டுச் சொல்லுதேன்னு எழுதிக்க" என்றார். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

அண்ணாச்சிக்கு ஏக்கமெல்லாம் ஒரு சொம்பு எலுமிச்சை சர்பத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு நாங்கள் குடிக்கக்கூடிய தண்ணீர் கொஞ்சம்தான். சாம்பார், காபி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்க வேண்டும். "நாள் முழுக்க பழத்துக்கு நடுவுலதான் உக்காந்திருந்தேன் தாயி. வேணுங்கும்போது பிழிஞ்சு குடிப்பேன். அருமை தெரியாமலே குடிச்சிருக்கேன்" என்பார். நான் ஐந்தருவியைப் பற்றிச் சொல்வேன். மெஷின் சுற்றும் நேரம் அப்படிக் கழியும்.

முதல் சீசன் முழுவதும் எனக்குக் கழுத்துக் குழாயோடு போயிற்று. அதில் ஈரம் படக் கூடாது. கிருமி நேரே ரத்தத்தில் இறங்கிவிடும். இடுப்புவரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொள்வேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். அறைக்காரர்கள் அருவியிலிருந்து சொட்டச் சொட்ட வருவார்கள். அவர்கள் தலையிலிருந்து ஒரு வாசனை வரும், நல்லெண்ணெயும் மலைத்தண்ணீரும் கலந்தது. ஏதாவது வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன்.

ஒருநாள் மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "உங்களுக்கு என்ன, தினமும் அருவிக் குளியல்" என்றார். நான் சிரித்து வைத்தேன். கொடியில் கிடந்த என் கணவரின் துண்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. மொடமொடவென்று காய்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. பின்கட்டுக் குழாயடியில் அவர் வாளியில் பிடித்து ஊற்றிக்கொள்வதைப் பார்த்தேன்.

"நீங்க அருவிக்குப் போகலியா?"

"தோள்வலி. தண்ணி அடி தாங்கல."

"எப்பலருந்து?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "நீ வா, ரெண்டு பேருமா போவோம்" என்று மட்டும் சொன்னார். நான் உள்ளே போய் ஜன்னலோரம் வெகுநேரம் நின்றேன். என்னால் ஒருவர் அருவிக்குப் போகாமல் இருக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

ஆராய்ச்சி தொடங்கிய பிறகு மெஷினில் படுத்தால் எனக்குக் குளிர ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கம்பளி கொண்டுபோனேன். அண்ணாச்சி சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, "ஒங்களுக்கு மட்டும் சாரல் அடிக்கு போலுக்கே" என்றார். எனக்குக் குளிர்ந்த திரவம்தான் விழுந்திருக்கிறது என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோம். அந்தப் பெண்ணிடம் கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அத நான் சொல்லக் கூடாதுக்கா" என்பாள்.

அந்தக் குளிரால்தானோ, உடம்பு பழகிவிட்டதாலோ, என் பதில்கள் மாறின. மறுநாள் காலை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டேன் என்று சொன்னேன். பிறகு, சாயங்காலம் விளக்கேற்றிவிட்டேன் என்றேன். ஒருநாள் பஸ்ஸிலேயே தூங்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னபோது, அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கையில் ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்தால், கொஞ்ச நாளில் அந்த இடம் பருத்துவிடும். அதில் ஊசி குத்தியே டயாலிசிஸ் செய்யலாம், கழுத்துக் குழாய் வேண்டாம். முதலில் செய்த தையல் அடைத்துக்கொண்டது. இரண்டாவது நின்றது. இடது கையைத் தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். கார்த்திகையில் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். காயம் ஆறியதும், அருவியில் குளிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ஊசி குத்துன நாள் வேண்டாம். அந்தக் கையில தண்ணி அடிக்கக் கூடாது. வழுக்கி விழாதீங்க. ஓரமா நின்னு குளிச்சிட்டு வந்துருங்க" என்றார்.

ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்தோம். தை பிறந்தது. அருவியில் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. பெண்கள் பக்கம் என்னோடு வர ஆளில்லை என்பதுதான் என் கணவருக்குக் கவலை. அந்தப் பெண்ணுக்கு அந்த வாரத்தோடு எங்கள் மருத்துவமனையில் வேலை முடிகிறது. கடைசியாக ஒருமுறை எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்துவிட்டு, "அக்கா, ஞாயித்துக்கிழம நான் வாரேன், கோயிலுக்குப் போயிட்டு நேரா பஸ் ஏறிருவேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள், மாற்று உடுப்பு ஒரு பையில். மூவருமாக நடந்தோம். ஐந்தருவியில் கூட்டமே இல்லை. பாறையில் தண்ணீர் வெள்ளைத் துணியைக் காயப்போட்டதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் பிரிகிற இடத்தில் நின்று, "பாத்து" என்றார். 

அவள் என் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். இடது கையை நான் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு தலையைக் கொடுத்தேன். பழைய அடி இல்லை அது. யாரோ தலையில் கைவைத்ததுபோல இருந்தது. ஆனால் குளிர் அதேதான். உச்சியிலிருந்து முதுகு வழியாக இறங்கிற்று. மூச்சு நின்று, வந்தது. உதட்டில் வழிந்த தண்ணீரை விழுங்காமல் வாயில் கொஞ்சம் வைத்திருந்து துப்பினேன். அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"போதுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம்."

"கை மரத்துப் போச்சா?"

"அது கெடக்கட்டும். இன்னும் கொஞ்சம் நிக்கேன்."

கரையேறினோம். அவர் எங்களுக்கு முன்பே குளித்துவிட்டு நின்றிருந்தார். தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, கண் சிவந்து, கல்யாணமான வருடத்தில் பார்த்த ஆள்போல இருந்தார். "எப்படி இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சு" என்றேன். சுக்குக் காபி வாங்கி எனக்குப் பாதி டம்ளர் ஊற்றினார். என் பங்கில் மிச்சத்தை அவளுக்குக் கொடுத்தார்.

அன்று படுத்தவள் திங்கள் காலைவரை தூங்கினேன். எழுந்தபோது தலையணையில் அருவி வாசனை இருந்தது. தென்காசிக்குப் போய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "தண்ணி எப்படி, இனிப்பாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

பங்குனியில் அண்ணாச்சி போய்விட்டார். வீட்டில், தூக்கத்தில். அந்த மெஷினில் இப்போது பண்பொழியிலிருந்து ஒருவர் வருகிறார். யாரோடும் பேச மாட்டார். அந்தப் பெண் மதுரையில் வேறொரு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். ஆராய்ச்சியின் முடிவு என்ன என்று அவளிடம் போனில் கேட்டேன். எல்லா ஊர்களிலும் முடிந்த பிறகுதான் தெரியும் என்றாள். எனக்கு விழுந்தது குளிர்ச்சிதானா என்பது இன்றுவரை தெரியாது.

இந்தச் சாரல் சீசனுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். மேல்மாடியில் மலை தெரிகிற அறையை இரண்டு வாரம் யாருக்கும் விடாமல் வைத்திருந்தேன்.  என் கணவரே தினமும் பெருக்கி ஜன்னலைத் திறந்துவைத்தார். லீவு கிடைக்கவில்லை என்று போன் வந்தது. அடுத்த நாள் கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தேன்.