தம்பி தலைப்பாவும் பிளாஸ்டிக் கஞ்சியும்

அந்த டின்ன தொறந்தாலே வினிகர் வாசம் மூக்குல ஏறும்...

உள்ள பால் மாதிரி வெள்ளையா இருக்கும். விரல விட்டு எடுத்தா, கொஞ்ச நேரத்துல வெள்ளை மறைஞ்சு, விரல் மேல கண்ணாடித் தோல் மாதிரி காஞ்சு நிக்கும். நான் வேலைய விட்டுட்டு அத உரிச்சு உரிச்சு விளையாடுவேன்.

மெர்டேக்கா வருஷம் அது, நாடு சுதந்திரம் வாங்குன வருஷம். காஜா பேராங்ல எங்க வீட்டுக்காரருக்கு டோபி கடை. முன்னால கடை, பின்னால வீடு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நானும் அங்கதான் இஸ்திரி போட்டேன். அந்த வருஷம் ஊர்ல எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை விறைப்பா வேணும்... ஊர்வலம், பேண்டு, கொடியேத்துறதுன்னு. கஞ்சி காய்ச்சிக் காய்ச்சியே என் கை வெந்துபோச்சு.

அப்பதான் சிங்கப்பூர்லேர்ந்து ஒரு ஏஜண்டு வந்தாரு.

"அண்ணே, இது பிளாஸ்டிக் கஞ்சி. காய்ச்சவே வேணாம். தண்ணி ஊத்திக் கலக்கி துணிய முக்குங்க, போதும். மழையில நனைஞ்சாலும் தொவளாது."

எங்க வீட்டுக்காரருக்கு புதுசுன்னா போதும், ஆளு காலி. வாங்கிட்டாரு.

அதே வாரம் என் தம்பி நடேசனுக்கு கல்யாணம். பொண்ணுக்கு ஊரு பக்கத்துல உஜோங் பாசிர்.

எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை தலைப்பாவ முதல் நாளே அக்கா புருஷன் கட்டணும். மல் துணிய கஞ்சியில முக்கி, மாப்பிள்ளை தலையிலயே சுத்தி, கொஞ்ச நேரம் வெயில்ல உக்கார வச்சு, அரை ஈரமா இருக்கும்போதே தொப்பி மாதிரி கழட்டி வச்சிடுவாங்க. அந்தத் தலைக்குன்னே செஞ்ச மாதிரி அம்சமா நிக்கும்.

இவரு என்னா பண்ணாரு? அரிசிக் கஞ்சிய ஓரமாத் தள்ளிட்டு டின்ன எடுத்தாரு! தண்ணி கலந்தா கையில கஞ்சி பதம் வரலையாம்... "இது என்னா லா, மோரு மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு, தண்ணியே சேக்காம டின்ன அப்படியே கவுத்துட்டாரு. ஏஜண்டு வேற, முழுசா காஞ்சாத்தான் புடிக்கும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அதனால காலையில உக்காந்த தம்பி, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வெயில்லயே கெடந்தான்.

சாப்பிடக் கூப்பிட்டேன். இவரு தலைப்பாவ ரெண்டு கையால புடிச்சு மெதுவா தூக்குனாரு.

தலைப்பாவோட தம்பியும் சேர்ந்து எந்திரிச்சான்.

"ஐயோ மாமா! முடி... முடி! விடுங்க!"

நான்தான் முதல்ல சிரிச்சேன். பொய் சொல்லக்கூடாது, வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சேன். அப்புறம் கிட்ட போயி நானும் இழுத்துப் பாத்தேன்... அசையல. பச்சைத் தண்ணி ஊத்துனோம், தேங்காயெண்ணெய் விட்டோம். ம்ஹூம். என் சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல. சாயங்காலம் மாப்பிள்ளைய அழைக்க பொண்ணு வீட்டு ஆளுங்க வராங்க!

இவரு முகம் செத்துப்போச்சு. "கத்திரிக்கோல் எடு. அடியோட வெட்டி எடுத்துடலாம். வேற வழியில்ல."

பின்கட்டுல காய் நறுக்கிட்டு இருந்த எங்க அம்மா ஓடி வந்துட்டாங்க.

"மொட்டையா? வேணாம் மாப்ள! அவங்கப்பாவுக்கு கொள்ளி வைக்கிறப்ப பாத்தேன் அந்த மொட்டைத் தலைய. அந்த முடி வளர்றதப் பாத்துத்தான் நானும் கொஞ்சம் கொஞ்சமா எந்திரிச்சு நடமாடுறேன். நாளைக்கு மணவறையிலயும் அந்தத் தலையத்தான் பாக்கணுமா?"

தம்பி தலைய குனிஞ்சிக்கிட்டான். அப்பா போயி ஒரு வருஷம்தான் முடிஞ்சிருந்துச்சு.

அப்பதான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. முந்தாநாள் அதே பிளாஸ்டிக் கஞ்சியில முக்குன ஒரு கைக்குட்டைய இஸ்திரி போட்டேன். சூடு பட்டதும் கொழகொழன்னு ஆயி, பெட்டி அடியில சுவிங்கம் மாதிரி ஒட்டிக்கிச்சு. அதச் சொரண்டி எடுக்குறதுக்குள்ள ஏஜண்டோட ஏழு தலைமுறையையும் திட்டிட்டேன். அப்படின்னா... சூட்டுக்கு இது இளகுது!

"கத்திரிக்கோல கீழ வைங்க"ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். டோபி கடையில சுடுதண்ணிக்கா பஞ்சம்? துண்ட முக்கி, தாங்குற சூட்டுல புழிஞ்சு, தலைப்பா மேல சுத்துனேன். ஆறுனதும் இன்னொண்ணு. அதுக்கு மேல இன்னொண்ணு. தம்பி "ஸ்ஸ்... ஸ்ஸ்..."னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தான். பாத்துக்கிட்டே இருக்கேன், கண்ணாடி மாதிரி இருந்தது திரும்பவும் வெள்ளையா பூக்குது! நெத்தி ஓரத்துல ஒரு விரல் நொழைஞ்சிச்சு. சவுக்காரத் தண்ணி விட்டு, சீப்பு போட்டு, கொஞ்சம் கொஞ்சமா...

கழண்டுச்சு!

அப்பாடா... இன்னைக்கு நெனச்சாலும் மூச்சு தானா எறங்குது. கொஞ்சம் முடி துணியோட போச்சு, மண்டை செவந்துபோச்சு. ஆனா முடி இருந்துச்சு! இவரு அழுக்குத் துணி மூட்டை மேல தொப்புனு உக்காந்துட்டாரு. எங்க அம்மா ரெண்டு கையையும் தம்பி முடிக்குள்ள விட்டு அளைஞ்சாங்க... அளைஞ்சிக்கிட்டே சிரிச்சாங்க. அப்பா போனதுக்கப்புறம் அவங்க சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அவசர அவசரமா அரிசிக் கஞ்சி போட்டு, ஒரு சட்டிய கவுத்து, அது மேல வேற தலைப்பா கட்டுனோம். கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு.

சரக்க குத்தம் சொல்ல மாட்டேன். தண்ணி கலந்து காலருக்குப் போட்டா அருமையாத்தான் நின்னுச்சு. தலையில பூசச் சொல்லி யாரு சொன்னா?

போன மாசம் ஆயர் குரோ மண்டபத்துல ஒரு கல்யாணம். வாடகைத் தலைப்பா, உள்ள ஸ்பாஞ்சு, முன்னால கல்லு, மயிலிறகு எல்லாம் வச்சது. மாட்டுனாங்க, போட்டோ எடுத்தாங்க, கழட்டி பக்கத்து நாற்காலியில வச்சிட்டாங்க. நல்லதுதான், யாருக்கும் வலியில்ல. எனக்குத்தான் சிரிப்ப அடக்க முடியல.

தம்பிக்கு நாப்பது வயசு தாண்டுனதும் தலை நல்லா வழுக்கை விழுந்துடுச்சு. அம்மா அதையும் பாத்துட்டுத்தான் போனாங்க. அவன் பக்கத்துல வந்து உக்காரும்போதெல்லாம் அந்த வழுக்கைய தடவிக் குடுத்துக்கிட்டே சொல்லுவாங்க...

"இது பரவால்லடா. இது வயசாகி தானா போனது."